விழுந்ததாம்

கைருன்னிஸாவை ஆஸ்பத்திரிக்கு எடுத்தது கூட்டவும் துடைக்கவும்தான். பேனா பிடிக்க வேண்டும் என்று யாரும் நினைத்து எடுக்கவில்லை. 1975ஆம் ஆண்டு அட்டென்டன்ட் வேலைக்கு நியமனக் கடிதம் வந்தபோது, பத்தாம் வகுப்பு வரை படித்த பெண் பெனாயில் வாளி தூக்குவதா என்று வீட்டில் ஒரு கிழமை சண்டை நடந்தது. அவளுடைய மாப்பிள்ளை றவூப் பஸ் கண்டக்டர். எதிலும் பெரிய அபிப்பிராயம் இல்லாத மனிதர். "அரசாங்க உத்தியோகம், உட்டுராத" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கரைப்பற்று பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். அவர் சொன்னதுதான் நடந்தது.

கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் பெரிய வீதிக்கும் இடையில் இருந்தது அந்தச் சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு வார்டு, ஒரு மருந்தறை, காயம் கட்டுகிற அறை ஒன்று. காலையில் கம்பிச் சன்னலுக்கு முன்னால் வெளிநோயாளர் வரிசை நிற்கும். சன்னலுக்கு உள்ளே எழுதுவினைஞர் சீனிமுகம்மது உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டு எழுதிக் கொடுத்து, பெரிய புத்தகத்திலும் பதிவார். அவருக்குக் கண்ணில் புரை. ஒரு தடவை அறுபது வயதுக் கிழவரை ஆறு வயது என்று எழுதி, அவருக்குக் குழந்தை மருந்து கொடுத்து அனுப்பியதில் ஊர் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு சீனிமுகம்மது கதிரையில் இருப்பார், பக்கத்தில் நின்று கைருன்னிஸா எழுதுவாள். ஆறு மாதத்தில் கதிரையும் அவளுக்கு வந்துவிட்டது. அவருக்கு வெற்றிலை போட நேரம் கிடைத்தது. சம்பளம் மட்டும் கூட்டுகிற ஆளின் சம்பளம்தான், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பெயர், வயது, ஊர், என்ன நோவு, எப்படி வந்தது. ஐந்து கட்டம். காய்ச்சலுக்கும் சளிக்கும் கடைசிக் கட்டம் தேவைப்படாது. காயத்துக்குத்தான் அது. அந்தக் கட்டத்தில்தான் கைருன்னிஸாவின் நிம்மதி போனது.

ஏனென்றால் இந்த ஊர்ப் பெண்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். கிணற்றடியில் விழுந்தார்கள், குசினிப் படியில் விழுந்தார்கள், சுவரில் மோதினார்கள். தென்னை மட்டை இவர்களுக்காகவே காத்திருந்து விழுந்தது. ஒரே கிழமையில் மூன்று பெண்களை மாடு இடித்தது, மூன்று பேருக்கும் கண்ணுக்குக் கீழே. கல்முனைக் கரையில் அவ்வளவு குறி தவறாத மாடு எங்கே மேய்கிறது என்று கைருன்னிஸா யோசித்திருக்கிறாள்.

யோசித்தாலும் எழுதியது அவர்கள் சொன்னதைத்தான். 'அடித்தது' என்று எழுதினால் பொலிஸுக்குத் துண்டு போக வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். அவள் வேலைக்கு வந்த புதிதில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி அப்படி ஒரு துண்டு அனுப்பினாள். பொலிஸ் என்ற சொல் காதில் விழுந்ததும், கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெண் பெஞ்சிலிருந்து இறங்கி, பாதி சுற்றிய துணி பின்னால் இழுபட, வீதிக்குப் போய்விட்டாள். மிஸ்ஸி கையில் கத்தரிக்கோலோடு வாசலில் நின்றாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. எல்லாரும் விழுந்தார்கள்.

1978இல் என்று நினைவு. கன்னத்தில் நான்கு கோடு தெளிவாகத் தெரிய ஒரு பெண் வந்தாள். சுவரில் மோதிவிட்டாளாம். அந்தச் சுவருக்கு விரல் நான்கு முளைத்திருக்க வேண்டும். கைருன்னிஸா 'சுவரில் மோதியது' என்று எழுதினாள். பேனா நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு 'ஆம்' போட்டது. 'சுவரில் மோதியதாம்.' எழுதிவிட்டுத் தானே அதைப் பார்த்தாள். ஏன் போட்டோம் என்று தெரியவில்லை. அடிக்கவும் தோன்றவில்லை. அரசாங்கப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்று சீனிமுகம்மது சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு அது ஒரு பழக்கம் போல வந்துவிட்டது. மரம் ஏறி விழுந்தவன் 'விழுந்தது'. தோணியில் வழுக்கியவன் 'வழுக்கியது'. சில பெண்கள் மட்டும் 'விழுந்ததாம்', 'இடித்ததாம்', 'பட்டதாம்'. யாருக்கும் சொல்லவில்லை. தனக்கே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் சரி. வீட்டுக்குப் போய்த் தொழுதுவிட்டு உட்காரும்போது சில நாள் நெஞ்சைக் குடையும். நான் எழுதுவது பொய்யா, உண்மையா? பொய்யென்றால் யாருடைய பொய்? இடையில் நிற்கிற எனக்கும் அதில் பங்கு உண்டா? றவூபிடம் ஒரு நாள் கேட்டாள். "டிக்கெட் கேக்கிறவன் எங்க போறன் எண்டு சொல்றானோ அந்த ஊருக்குத்தான் நான் டிக்கெட் கிழிக்கன். அவன் இடையில இறங்கினா எனக்கென்ன" என்றார் அவர். அது பதில் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

1981இல் டொக்டர் கதிரேசன் வந்தார். பதுளையில் கடை வைத்திருந்த குடும்பம், தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ஒல்லியான, அவசரமான மனிதர், எல்லாரையும் "வாங்க, போங்க" என்பார். வந்த நாலாம் மாதம் கொழும்பில் ஏதோ கருத்தரங்குக்குப் போய் வந்து, மிஸ்ஸிமார், அட்டென்டன்ட்மார் எல்லாரையும் காயம் கட்டுகிற அறையில் கூட்டினார்.

"வீட்டுல அடி வாங்கி வர்ற பொம்பளைங்களுக்கு இந்த ஆஸ்பத்திரி தயாரா இருக்கணும்" என்றார்.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பஞ்சு இருக்கிறது, டிஞ்சர் இருக்கிறது, தையல் நூல் இருக்கிறது. இன்னும் என்ன தயார்? பெரிய மிஸ்ஸி கேட்டேவிட்டாள். "சேர், அடிக்கிறது அதுகள்ர ஊட்டுக்குள்ள. நாங்க என்ன, ஊட்டுக்குப் போய்ப் புடிக்கிறதா?"

பிடிக்க வேண்டாம், கேட்க வேண்டும் என்றார் டொக்டர். தனியாக வைத்து, கூட வந்தவர்களை வெளியே நிறுத்தி, ஒரு பெண்ணே கேட்க வேண்டும். பொலிஸுக்குப் போவதா இல்லையா என்பதை அந்தப் பெண்ணே சொல்லட்டும். என்ன கேட்பது என்று அவரே தமிழில் எழுதித் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் கட்டம். கேட்கிற வேலை கைருன்னிஸாவுக்கு. கதவு பூட்டக்கூடிய அறை அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான், படுக்கை விரிப்பு அடுக்கி வைக்கிற அறை. அதற்குள் இரண்டு முக்காலி போட்டார்கள்.

கைருன்னிஸாவுக்குப் பெருமையும் வந்தது, பயமும் வந்தது. அவளுக்கு விளங்காதது நான்காம் கேள்வி. 'கணவன் வீட்டை விட்டுத் தாய் வீட்டுக்குச் சென்று இருக்க உங்களுக்கு வழி உண்டா?' இரண்டு தரம் வாசித்தாள். அது என்ன கணவன் வீடு? படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் போல என்று விட்டுவிட்டாள்.

விரிப்பறைக்குள் முதலில் வந்தவர்களில் ஒருத்தி சுஹறா. இருபத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். புத்தகத்தில் ஏற்கெனவே இரண்டு 'விழுந்ததாம்' அவளுக்கு உண்டு, இன்றைக்கு மூன்றாவது. உதடு கிழிந்திருந்தது. கதவைச் சாத்தியதும் அழுதாள். பிறகு வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை அதாவுல்லா மீன் லொறியில் போகிறவன். சோறு ஆறினால் அடி, சூடு கூடினால் அடி.

கைருன்னிஸா நான்காம் கேள்விக்கு வந்தாள். "உம்மாட ஊட்ட போய் இரிக்க வழி இரிக்காகா?"

சுஹறா கண்ணைத் துடைத்துக்கொண்டு விழித்தாள். "உம்மாட ஊட்டயா ராத்தா? ஓம். இரிக்கன்தானே."

கைருன்னிஸா 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டாள்.

ஒரு மாதத்தில் பதினொரு தாள் சேர்ந்தது. பதினொன்றிலும் நான்காம் கேள்விக்கு 'ஆம்'. டொக்டருக்குச் சந்தோஷம். "பரவாயில்லையே, இந்த ஊர்ல பொண்ணுங்களுக்குப் பொறந்த வீட்டு ஆதரவு நல்லா இருக்கு" என்று சொல்லி, ஒவ்வொரு தாளிலும் தாய் வீட்டுக்குப் போய்ச் சில மாதம் இருக்கும்படி எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பினார். சுஹறாவின் தாளில் மூன்று மாதம் என்று இருந்தது.

சுஹறா அந்தத் தாளைக் கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்த வீடு அவளுடைய உம்மா ஆசியா உம்மா அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. கொடுத்துவிட்டு ஆசியா உம்மா குசினிப் பக்கம் இறக்கிய அறையில் இருந்தாள். அதாவுல்லா கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து இருப்பவன். சுஹறா ஒளிக்கத் தெரியாத பெண். "டொக்டர் மூணு மாசம் உம்மா ஊட்ட இரிக்கட்டாம்" என்று அவனிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு, டொக்டர் ஏன் அப்படிச் சொன்னான், நீ என்னைப் பற்றி என்ன கதைத்தாய் என்று கேட்டான். மறுநாள் காலை அவள் மணிக்கட்டு முறிந்து வந்தாள். அவனே கூட்டிக்கொண்டு வந்து சன்னலில் நின்று, கிணற்றடியில் விழுந்தாள் என்றான். கைருன்னிஸா நான்காவது 'விழுந்ததாம்' எழுதினாள்.

உள்ளே டொக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "தாய் வீட்டுக்குப் போகச் சொன்னேனே, ஏன் திரும்பிப் போனீங்க?"

"எங்க திரும்பிப் போற? நான் எங்கயும் போகல்லயே, சேர்" என்றாள் சுஹறா.

டொக்டர் கைருன்னிஸாவைப் பார்த்தார். கைருன்னிஸா தாளைப் பார்த்தாள். அந்தக் கேள்வியே தலைகீழ் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"சேர்... எங்கட ஊர்ல பொண்டாட்டி போறல்ல. மாப்புளதான் வந்து இரிக்கிற. ஊடு பொண்டாட்டிட."

"அப்ப தாய் வீடு?"

"அதுதான் இது."

டொக்டர் மாவுக்கட்டுக்கு நனைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பதினொரு பேர். பதினொரு பேரையும், அடித்தவன் சோற்றுக்கு உட்கார்ந்திருக்கிற அதே வீட்டுக்கு, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே, கைருன்னிஸா" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சொல்லியிருக்கலாம்தான். எழுதியிருந்தது அவருடைய பிழை, கேட்டது தன்னுடைய பிழை என்று அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது, அது எந்தப் பக்கமும் சரிவரவில்லை. அன்று மாலையே நான்காம் கேள்வி மாறியது. 'அவர் போய் இருக்க வேறு வீடு உண்டா?' பெரிய புத்தகத்திலும் டொக்டர் சிவப்புப் பென்சிலால் கோடிழுத்து, 'எப்படி வந்தது' என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டார். 'யாரால்.' ஒரு மாதமாக அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது. விரிப்பறையில் சொல்லுவார்கள், புத்தகத்தில் எழுதட்டுமா என்றால் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிடுவார்கள்.

சுஹறா மட்டும் இந்தத் தடவை சும்மா இருக்கவில்லை. மாவுக்கட்டுக் கையோடு, முஸ்லிம் கலியாண வழக்குகளைத் தீர்க்கிற காதியாரிடம் போய்ப் பஸஹ் கேட்டாள். அவன் தராவிட்டாலும் காதி பிரித்து விடுகிற விவாகரத்து அது. அடித்ததற்குச் சாட்சி வேண்டும், விரிப்பறையில் அவளே சொன்னது சாட்சியாகாது. அதாவுல்லா கெட்டிக்காரன், அவனே சாட்சி சொன்னான். "ஆஸ்பத்திரிப் புத்தகத்த எடுத்துப் பாருங்க. நாலு தரமும் விழுந்தது எண்டுதான் கிடக்கும்." காதியாரிடமிருந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வந்தது. புத்தகத்தையும் எழுதினவரையும் அனுப்பவும்.

சீனிமுகம்மது வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார். "புள்ள, வடிவா யோசி. எழுதினது உண்மை எண்டா சுஹறாட வழக்குப் போச்சு. எழுதினது பொய் எண்டா உன்ட உத்தியோகம் போச்சு. எதுக்கும் உனக்கு எழுதச் சொன்னது நான் எண்டு சொல்லிராத."

றவூப் அன்று இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினார். "உடம்பு வருத்தம் எண்டு லீவு போடன்" என்றார். லீவு போட்டால் புத்தகம் தனியாகப் போகும். தனியாகப் போனால் அது அதாவுல்லா சொன்னதைத்தான் சொல்லும். அந்த அளவுக்கு அவளுக்கு விளங்கியது. அதற்கு மேல் ஒன்றும் விளங்காமல்தான் அவள் டொக்டரோடு காரில் ஏறினாள்.

காதியாரின் வீட்டு மண்டபத்தில் விசாரணை. டொக்டரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். காதியாருக்கு இரண்டு பக்கமும் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர், அபிப்பிராயம் சொல்ல. அதில் ஒருவர் புடவைக்கடை முகைதீன்பாவா ஹாஜியார். அவரைக் கண்டதும் கைருன்னிஸா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவருடைய மகள் ஸுல்பிகாவும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறாள். கன்னமும் காதடியும் வீங்கி வந்து, வளவில் தென்னை மட்டை விழுந்தது என்றாள். ஹாஜியார் மாடி கட்டுவதற்காக வளவில் இருந்த தென்னை எல்லாவற்றையும் தறித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கைருன்னிஸா 'ஆம்' போட்டாள். வாப்பாவிடம் பல்லு வீக்கம் என்று சொல்லியிருப்பதாகவும், வெளியே விட்டுவிட வேண்டாம் என்றும் ஸுல்பிகா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

காதியார் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாம். படியில் விழுந்ததாம். இது நீ எழுதினதா மகள்?"

"ஓம்."

"இந்த 'ஆம்' என்ன?"

"ஆம் எண்டா... ஆம்தான்."

யாரோ சிரித்தார்கள். கைருன்னிஸாவுக்குக் காது சூடாகியது. அதாவுல்லா சொன்னான். "அவள் சொன்னத இவ எழுதியிரிக்கா. கேட்டத எழுதினா 'ஆம்' எண்டுதானே வரும். இதுல என்ன வித்தை?"

அவன் சொன்னதும் சரிதான் போலிருந்தது. ஒரு நிமிடம் கைருன்னிஸாவே குழம்பிப் போனாள். நான் அப்படித்தான் எழுதினேனா? வேறு ஒன்றும் நினைக்கவில்லையா? சுஹறா மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எல்லாருக்கும் அப்படி எழுதறல்ல" என்றாள் கைருன்னிஸா. "வேற பக்கங்களப் பாருங்க. மாங்கொப்பு முறிஞ்சி விழுந்தவன் 'விழுந்தது'. லொறியில இருந்து விழுந்தவர் 'விழுந்தது'. அதுகளுக்கு ஆம் இல்ல."

காதியார் புரட்டினார். இல்லைதான். "அப்ப யாருக்குப் போடுவாய்?"

"நம்பாத ஆக்களுக்கு." சொல்லிவிட்டுத் திருத்தினாள். "ஆக்கள நம்பாம இல்ல. அவங்க சொல்ற கிணத்த நம்பல்ல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. காதியார் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். "இன்னும் யாருக்குப் போட்டிருக்காய், வாசி. பேரோட."

"பேர் வாசிக்க மாட்டன்."

"பேர் இல்லாம நாங்க எப்படி நம்புற?"

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெயர் சொன்னால் முப்பது நாற்பது பெண்களை இந்த மண்டபத்தில் கொண்டுவந்து நிறுத்தியதாகும். சொல்லாவிட்டால் சுஹறா அவனோடேயே கிடக்க வேண்டும். "காயத்த மட்டும் வாசிக்கன்" என்று தொடங்கினாள். தேதி, காயம், சொன்ன காரணம். பெப்ரவரி நாலு, இடது கண், மாடு இடித்ததாம். பெப்ரவரி பதினேழு, கழுத்தில் நகக்கீறல், பூனை பிறாண்டியதாம். மார்ச் ஒன்று, முதுகில் தழும்பு, கட்டிலிலிருந்து விழுந்ததாம். விரலை வரிசை மேல் வைத்து நகர்த்தினாள். ஒரு வரியை மட்டும் தாண்டிவிட வேண்டும் என்று முன்னாலேயே நினைத்திருந்தாள். ஆனால் வாசிக்கத் தொடங்கியவள் நிற்கத் தெரியாமல் வாசித்தாள். கண் முன்னால் போய்விட்டது, வாயும் பின்னாலேயே போய்விட்டது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள் முந்திய தேதி. வலது கன்னமும் காதடியும் வீக்கம். வளவில் தென்னை மட்டை விழுந்ததாம்.

வாசித்த பிறகுதான் உணர்ந்தாள். தலையை நிமிர்த்தப் பயமாக இருந்தது. முகைதீன்பாவா ஹாஜியார் அந்தப் பெருநாளுக்கு மகளுக்குப் பல்லு நோவுக்கு என்று கராம்பு எண்ணெய் வாங்கிக் கொடுத்தவர்.

"போதும்" என்றார் ஹாஜியார். "போதும் புள்ள. வாசிக்காத."

காதியார் போகலாம் என்று தலையசைத்தார். கைருன்னிஸா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். காரில் டொக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். "தெரியா, சேர்" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. சுஹறாவைக் காப்பாற்றினேனா, ஸுல்பிகாவைக் காட்டிக் கொடுத்தேனா, இரண்டையும் ஒரே வாயால் செய்துவிட்டேனா? அழுகை வந்தது, டொக்டர் வீதியைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த கிழமை சுஹறாவுக்குப் பஸஹ் கிடைத்தது. புத்தகத்தால் கிடைத்ததா, ஹாஜியார் காதியாரின் காதில் ஏதும் சொன்னாரா, மாவுக்கட்டே போதுமாக இருந்ததா, கைருன்னிஸாவுக்குக் கடைசி வரை தெரியாது. அதாவுல்லா தன் பெட்டியையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு நிந்தவூரில் உம்மா வீட்டுக்குப் போனான். ஆசியா உம்மா குசினி அறையிலிருந்து உள்வீட்டுக்கு வந்து படுத்தாள் என்று ஊரில் கதைத்தார்கள்.

கைருன்னிஸாவுக்கு வந்தது மேலிடத்துக் கடிதம். அட்டென்டன்ட் ஒருவர் பதிவேட்டில் சொந்த அபிப்பிராயம் எழுதியது எப்படி என்று விளக்கம் தரவும். டொக்டர் இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினார். அது போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. உத்தியோகம் போகவில்லை, சம்பளம் கூடவும் இல்லை. சீனிமுகம்மது கொஞ்ச நாள் தானே எழுதுகிறேன் என்று கதிரைக்கு வந்தார். முதல் நாளே சுன்னத்துக் காயத்துக்கு வந்த பிள்ளையைப் பிரசவ வார்டுக்கு எழுதிவிட்டு எழும்பிப் போனார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, வெயில் ஏறிய நேரம். வரிசை குறைந்திருந்தது. சன்னலுக்கு முன்னால் ஒரு குடை வந்து மடங்கியது. முகைதீன்பாவா ஹாஜியார். பின்னால் தலையை முந்தானையால் நெற்றி வரை மூடிக்கொண்டு ஸுல்பிகா. கைருன்னிஸா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். ஏச வந்திருக்கிறார், ஏசட்டும் என்று நினைத்தாள்.

ஹாஜியார் ஏசவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எழுது" என்றார். "பேர் ஸுல்பிகா. தோள்மூட்டு. விழல்ல. மருமகன் அடிச்ச." மகள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நேத்து நான் ஊட்ட இரிக்கக்கொள்ள, கீழ் அறையில வெச்சி அடிச்ச. நான் மாடியில இருந்தன்."

கைருன்னிஸா உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். 'யாரால்' என்ற சிவப்புக் கட்டம் வெறுமையாக இருந்தது. 'கணவன்' என்று எழுதினாள். பக்கத்தில் 'எப்படி வந்தது' கட்டத்தில் 'அடித்' என்று எழுதிவிட்டுக் கை நின்றது. ஆறு வருடமாக இந்தப் புத்தகத்தில் எழுதாத சொல். 'கணவன்' என்று எழுதிய பிறகு 'அடித்தது' என்று விடவும் முடியாது. அடித்தார் என்பதா, அடித்தான் என்பதா? அரசாங்கப் புத்தகம், மரியாதையாகத்தான் எழுத வேண்டும். ஹாஜியாரின் மருமகன் வேறு. இந்த ஊரில் எந்தப் பெண்ணும் மாப்பிள்ளையை அவன் இவன் என்று வாயால் சொன்னதில்லை, விரிப்பறையில் அழுகிறவர்கள்கூட 'அவர் அடிச்சார்' என்றுதான் அழுவார்கள்.

"ஹாஜியார், எப்படி எழுதுற? 'தார்' எண்டா, 'தான்' எண்டா?"

ஹாஜியாருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. பின்னால் நின்ற ஸுல்பிகா முந்தானையை நெற்றியிலிருந்து விலக்கினாள். வந்ததிலிருந்து வாய் திறக்காதவள், வாப்பாவைத் தாண்டிச் சன்னலுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அடிச்சான் எண்டு எழுதுங்க ராத்தா" என்றாள்.